குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை

கல்வியியல் முனைவர்கள் காலங்காலமாகக் கண்டுபிடித்துவரும் பேருண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை படிக்க நேரமில்லாதவர்களுக்கு உதவும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கற்றல் மனப்பான்மையில் பாலினத்தைப் பொறுத்துக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வசிப்பிடத்தைப் பொறுத்தும் இல்லை. தந்தையின் தொழிலைப் பொறுத்தும் இல்லை. பயிற்றுமொழியைப் பொறுத்து மட்டும் லேசாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள். அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று முதல் இயலிலேயே எழுதிவைத்தாயிற்று.

இதைக் கண்டுபிடிக்க நாலைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு நுழைவுத் தேர்வு, கோர்ஸ் ஒர்க் தாள்கள், பருவத்துக்கு ஒரு முறை ஆய்வுக் குழு, கட்டுரைகள், கருத்தரங்கச் சான்றிதழ்கள், சினாப்சிஸ், திருட்டுச் சோதனை அறிக்கை, ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து, கடைசியில் பொன்னாடை. இத்தனையும் கடந்து வருபவர், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுப்பார். அதனால் இது ஏதோ நாலு பேர் தங்களுக்குள் பட்டம் கொடுத்துக்கொள்ளும் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் கணக்கு வாத்தியாரை உருவாக்கிய மனிதர் எப்படி உருவானார் என்ற கதை இது.

தலைப்புச் செய்முறை எளிது. மனவெழுச்சி நுண்ணறிவு, தன்மதிப்பு, தேர்வுப் பதற்றம், படிப்புப் பழக்கம், கணினி மனப்பான்மை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ள வேண்டியது. பின்னால் 'கல்வி அடைவு' என்பதைச் சேர்க்க வேண்டியது. முன்னால் ஒரு மாவட்டத்தின் பெயர். முடிந்தது. அடுத்து வருபவர் மாவட்டத்தை மாற்றிக்கொள்வார். மாவட்டங்களைப் பிரித்துப் பிரித்து 38 ஆக்கிய தமிழக அரசு கல்வியியல் துறைக்குச் செய்த உதவியை எந்த ஆய்வேட்டின் நன்றியுரையிலும் காணோம். நன்றி கெட்ட உலகம்.

பிறகு 'டூல்', அதாவது அளக்கும் கருவி. 1932-இல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்கர் மனப்பான்மையை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு வாக்கியம் கொடு; முழுமையாக ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டம் போடு; ஒன்றில் குறியிடச் சொல். நல்ல வழிதான். ஆனால், உடற்கல்வி ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கிய ஒரு பாடவேளையில், விளையாடப் போகவிடாமல் வேப்பமரத்தடியில் உட்காரவைக்கப்பட்ட அறுபது பிள்ளைகளின் கைக்கு, ஆங்கிலத்திலிருந்து அவசரமாகத் தமிழாக்கிய நாற்பது வாக்கியங்களாகத் தன் முறை வந்து சேரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 'எனக்கு நேரும் இடர்ப்பாடுகளை நேர்மறை மனநிலையுடன் எதிர்கொள்ளும் திறன் எனக்கு உண்டு' என்று பதினேழாவது வாக்கியம் சொல்லும். ஒரு பையன் கை தூக்குவான். "மிஸ், இடர்ப்பாடுன்னா?" "ஏதாவது ஒண்ணுல டிக் அடிப்பா, பெல் அடிக்கப் போவுது." அவன் அடிப்பான். பக்கத்தில் இருப்பவன் அவனைப் பார்த்து அடிப்பான். அதற்கும் பின்னால் இருப்பவன் மேலிருந்து கீழே நேர்க்கோட்டில் இறங்கி, பக்கம் திருப்பி, சாய்கோட்டில் ஏறுவான். அந்தச் சாய்கோடு எக்செல்லுக்குப் போய், அங்கிருந்து எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்குப் போய், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு அறிவியலாகத் திரும்பி வரும்.

பையன் கேட்டானே, இடர்ப்பாடு என்றால் என்ன என்று? மொத்த ஆய்விலும் ஆய்வாளர் ஒரு மாணவனோடு பேசிய ஒரே தருணம் அதுதான். ஆய்வேட்டில் அது இருக்காது.

கல்வியியல் ஆய்வுக்குக் குலதெய்வம் ஒன்று உண்டென்றால் அதன் பெயர் 1.96. ஆண்களின் சராசரியையும் பெண்களின் சராசரியையும் ஒப்பிட்டு 't' மதிப்பு போட்டால், அது 1.96-ஐத் தாண்டினால் வேறுபாடு உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. அருள் வாக்கு அவ்வளவுதான். புள்ளியியலில் இதற்கு நியாயமான இடம் இருக்கிறது. அந்த இடம் எது என்று ஆய்வாளருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர வேண்டியவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் 'ஸ்டாட்' போட்டுத் தருபவர் உட்கார்ந்திருக்கிறார். காலையில் தாள்களைக் கொடுத்தால் நான்காம் இயலை அட்டவணையோடு தந்துவிடுவார். அட்டவணைக்குக் கீழே விளக்கமும் எழுதித் தருவார். விளக்கம் என்றால், அட்டவணையில் எண்ணாக இருப்பதையே வாக்கியமாகத் திருப்பிச் சொல்வது. அவரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தால் வியப்பதற்கில்லை.

இந்த அட்டவணைகளுக்கு ஆதாரமாக நம் ஆய்வேடுகளின் பின்பக்கத்தில் அடிக்கடி தென்படும் பெயர் ஹென்றி கேரட். உளவியலிலும் கல்வியிலும் புள்ளியியல் என்ற அவருடைய பாடநூல் 1926-இல் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் துறைத் தலைவர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் எல்லாமாக இருந்தவர். 1952-இல் வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகள் தங்களுக்கும் நல்ல பள்ளி வேண்டும் என்று வழக்காடியபோது, இரண்டு நிறத்துப் பிள்ளைகளையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று அரசின் பக்கம் நின்று சாட்சி சொன்னவரும் இவரேதான். அந்த வழக்கு, பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கோடு சேர்ந்து 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது, கேரட் தோற்றார். தோற்றவர் நம் ஊரில் சௌக்கியமாக இருக்கிறார். சமூக நீதி பற்றி முகவுரையில் மூன்று பக்கம் எழுதும் ஆய்வாளர், துணைநூற்பட்டியலில் இவரையும் எழுதிவைக்கிறார். யாரென்று அவருக்குத் தெரியாது. அவருடைய கைடுக்கும் தெரியாது. கைடின் கைடும் அதே நூலிலிருந்துதான் எடுத்தார். சூத்திரத்தில் இனவெறி ஒட்டிக்கொண்டிருக்காது என்பது உண்மை. ஆனால் ஒரு நூலை மேற்கோள் காட்டுவது என்றால் அதைத் திறந்து பார்ப்பது என்று ஒரு காலத்தில் பொருள் இருந்தது.

சாதி மட்டும் ஆய்வேட்டில் இல்லையா என்றால், இருக்கிறது. தனிநபர் விவரத் தாளில் ஒரு கட்டமாக இருக்கிறது: பொதுப் பிரிவு, பி.வ., மி.பி.வ., ப.இ., ப.ப. அதற்கும் ஓர் அட்டவணை, ஒரு 'F' மதிப்பு. எந்தப் பிள்ளையைக் கழிப்பறை கழுவச் சொன்னார்கள், எந்தப் பிள்ளை கையில் எந்த நிறக் கயிறு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காததால் விடப்பட்டன. கட்டமாக இருக்கும் வரை சாதி பத்திரமான விஷயம். கேள்வியாக மாறினால்தான் ஆய்வுக் குழுவுக்கு வியர்க்கும்.

இப்போது ஓர் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். பெயர் வைக்க வேண்டாம். ஊருக்கு ஒருவர் இருப்பார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். பொங்கல் முடிந்ததும் பின்வரிசை காலியாகிவிடும். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தோடு பிள்ளைகளும் போய்விடும். மழைக்காலம் நெருங்கிச் சூளை மூடும்போது திரும்பி வருவார்கள். அதற்குள் எழுத்து மறந்திருக்கும். ஆனால் ஒன்று கவனித்தாள் அந்த ஆசிரியை. சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. அப்பன் அறுத்துப் போட்ட கல்லை எட்டு வயதுப் பெண் எண்ணி, மேஸ்திரி ஏமாற்றாமல் பார்த்துக்கொள்கிறாள். அதே பெண் பலகையில் நூற்று ஏழு எழுதச் சொன்னால் 1007 என்று எழுதுகிறாள். இது எப்படி? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ட் டைம் ஆய்வாளராக அவள் ஆய்வுக் குழுவின் முன் போய் நின்றாள்.

"வேரியபிள் எதும்மா?"

"புள்ளைங்க சூளையில எப்படி எண்ணக் கத்துக்குதுங்கன்னு பார்க்கணும் சார்."

"அது கொஸ்டின்மா. நான் கேக்கறது வேரியபிள்."

அவள் விழித்தாள். "சாம்பிள் எத்தனை?" என்றார் அடுத்தவர்.

"பதினோரு புள்ளைங்க சார். எங்க பள்ளிக்கூடத்துல அவ்வளவுதான்."

குழு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. விவரம் தெரியாத பெண்ணைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கும் அன்பான சிரிப்பு. "முந்நூறாவது வேணும்மா. நீ பேசாம மனப்பான்மைன்னு போட்டுடு."

அந்தக் குழுவில் இருந்த ஐந்து பேரும் பி.எட். வகுப்பில் உளவியலாளர் பியாஜேயைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள். பியாஜே தம் சொந்தப் பிள்ளைகள் மூவரைக் கூர்ந்து பார்த்து எழுதிய நூல்கள்தான் குழந்தைச் சிந்தனை பற்றிய அறிவையே புரட்டிப்போட்டன. சாம்பிள் மூன்று. 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசீஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை நுனெஸ், ஷ்லீமன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். கடையில் நின்று மனக்கணக்காகப் போடும்போது அந்தப் பிள்ளைகளின் விடைகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37-தான் சரி. கணிதக் கல்வி படிக்கும் யாரும் இன்று வரை தாண்டிப் போக முடியாத கட்டுரை அது. அவர்களுடைய சாம்பிள் ஐந்து. நம் ஆய்வுக் குழுவின் முன் அவர்கள் வந்திருந்தால், "ஐநூறு தெருப் பிள்ளைகளின் கணித மனப்பான்மை" என்று மாற்றிக் கொடுத்து, பிரேசிலுக்குக் கல்வியியல் ஞானம் வராமல் காப்பாற்றியிருப்போம்.

ஆசிரியை கேட்டுப் பார்த்தாள், சூளையிலேயே இரண்டு மாதம் தங்கிப் பார்க்கலாமா என்று. பார்ட் டைம் ஆய்வாளருக்கு வேலை கொடுப்பவரிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதி சொல்கிறது. தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க அவரை விடுவிக்கச் சம்மதம் என்று அதில் இருக்க வேண்டும். வகுப்பில் உட்கார விடுவிக்கலாம். பிள்ளைகளைப் பார்க்கப் போவதற்கு விடுவிப்பதைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் அவள் செய்த ஆய்வின் தலைப்பு, 'புலம்பெயர் தொழிலாளர் குழந்தைகளின் கணித மனப்பான்மை'. முந்நூறு தாள் நிரப்பப்பட்டது. பிப்ரவரி மாதம் நிரப்பப்பட்டது. நிரப்பிய முந்நூறு பேரில் புலம்பெயர்ந்த குழந்தை ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அவை புலம்பெயர்ந்துவிட்டன. பாலினத்தைப் பொறுத்து என்ன முடிவு வந்தது என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

விதிகளை வகுப்பவர்களைக் குறை சொல்லவே முடியாது. அவர்கள் தரத்தை உயர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். 2009-இல் ஒரு விதித்தொகுப்பு, 2016-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது மதிப்பாய்வு இதழில் வந்திருக்க வேண்டும் என்றது 2009. அதோடு இரண்டு கருத்தரங்குகளிலும் வாசிக்க வேண்டும் என்றது 2016. நல்ல நோக்கம். நாடு முழுவதும் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டுரை போட வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. சந்தைக்குப் போயிருந்தால் போதும். இதழ்கள் முளைத்தன. எல்லாவற்றின் பெயரிலும் 'இன்டர்நேஷனல்' இருந்தது. சிலவற்றின் முகவரி ஒரு வீட்டு மாடியாக இருந்தது. பணம் கட்டினால் மூன்று நாளில் ஏற்புக் கடிதம். மதிப்பாய்வாளரின் கருத்து ஒரே வரி: நன்று.

2017 ஜனவரியில் யு.ஜி.சி. ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. புணே பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்திருந்த இதழ்களில் 1,009-ஐ எடுத்துச் சோதித்துப் பார்த்து, அவற்றில் 88 விழுக்காட்டுக்கு மேல் தேறாதவை என்று 2018-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியது. பொய்யான முகவரி, பொய்யான பெருமை, இல்லாத ஆசிரியர் குழு. அவற்றைப் பரிந்துரைத்தது யார்? பேராசிரியர்கள். திருடனைப் பிடிக்கப் பட்டியல் கேட்டார்கள். பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் அதே கடையின் வாடிக்கையாளர்கள். 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு 2019-இல் 'கேர்' என்று இன்னொரு பட்டியல். உடனே அதில் இருக்கும் நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் தோன்றின. 2022-இல், கட்டுரை கட்டாயமில்லை என்று விதியே கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. ஆக, தரத்தின் பெயரால் பதின்மூன்று ஆண்டு ஒரு சந்தையை நடத்திவிட்டு, மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கடையைக் கட்டிக்கொண்டார்கள். அதில் பணம் கட்டிய ஆய்வாளர்களுக்கு யார் திருப்பித் தருவது? மாதம் பத்துப் பதினைந்தாயிரம் சம்பளத்தில் தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு, தாலிச் செயினை வைத்துக் கட்டணம் கட்டிய பெண்களுக்கு? பல பல்கலைக்கழகங்கள் இன்னும் தங்கள் சொந்த விதியில் கட்டுரையை வைத்துக்கொண்டிருக்கின்றன. டெல்லி மறந்தாலும் நாங்கள் மறக்க மாட்டோம் என்ற விசுவாசம்.

கருத்தரங்குகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தொடக்க விழா பதினொன்றரை வரை. மதியத்துக்கு மேல் நான்கு அறைகளில் தலைக்கு ஐந்து நிமிடம். சான்றிதழ் தேநீர் இடைவேளையிலேயே தரப்படும். காணொளியில் மலேசியாவிலிருந்து ஒருவர் வணக்கம் சொன்னால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு.

திருட்டைத் தடுக்கவும் 2018-இல் விதி வந்தது. பத்து விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அறுபதுக்கு மேல் போனால் ஆய்வாளரின் பதிவே ரத்து. பொது அறிவும் தற்செயலான ஒற்றுமையும் தொடர்ந்து பதினான்கு சொல் வரை கணக்கில் சேராது. ஓர் எல்லை இருந்தால் அதற்கேற்ற தொழிலும் வரும்: பதினான்குக்குள் முறித்து, 'மாணவர்கள்' என்று இருந்ததைக் 'கற்போர்' என்றும், 'காட்டுகிறது' என்று இருந்ததை 'புலப்படுத்துகிறது' என்றும் மாற்றித் தரும் தொழில். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டால் மென்பொருள் கைகூப்பி வழியனுப்பும். சோதனையில் தேறுவது கற்றுக்கொள்ளப்பட்டது. திருடாமல் இருப்பது என்னவென்று கற்பிக்கப்படவில்லை. அதற்கும் 2019 முடிவில் இரண்டு கிரெடிட், முப்பது மணி நேர ஆய்வு அறவியல் பாடம் கொண்டுவந்தார்கள். அந்த முப்பது மணிக்கும் ஒரே உட்காரலில் வருகைக் கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. அறவியல் பாடத்தில்.

ஆனால் அந்த 2018 விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. அதே அறுபது விழுக்காட்டுக்கு மேல் திருடியவர் ஆய்வாளர் அல்லாமல் பேராசிரியராக இருந்து, தம் வெளியீட்டில் திருடியிருந்தால், முதல் தடவைக்கு என்ன தண்டனை? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. மூன்று ஆண்டுக்குப் புதிய ஆய்வாளர்களை எடுக்கக் கூடாது. அதாவது, கற்றுக்கொள்ள வந்தவர் திருடினால் படிப்பே போகும். கற்றுக்கொடுப்பவர் திருடினால் இரண்டு இன்கிரிமென்ட் போகும். மூன்று ஆண்டு கழித்து அவரே மறுபடி வந்து, திருடக் கூடாது என்று வழிகாட்டுவார்.

கைடைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. நல்லவர்கள் இருக்கிறார்கள், தம் செலவில் புத்தகம் வாங்கித் தந்து, ராத்திரி உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்களாக இருப்பது அவர்களுடைய சொந்தக் குணத்தால். அமைப்பு அவர்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை. அமைப்பு செய்திருப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு தாளிலும் ஒரே மனிதரின் கையெழுத்து. முன்னேற்ற அறிக்கை, உதவித்தொகை, சினாப்சிஸ், சமர்ப்பிப்பு எல்லாவற்றுக்கும் அவர் கை அசைய வேண்டும். கைடை மாற்ற வேண்டுமென்றால், மாற்றப்பட வேண்டியவரிடமே போய்ச் சம்மதக் கடிதம் கேட்பதுதான் பல இடங்களில் வழக்கம். கையெழுத்து இவ்வளவு விலை போகும் இடத்தில் கைடு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது, கைடு பெயரில் கட்டுரை எழுதுவது, கைடு வீட்டுக் கல்யாணத்தில் வரவேற்பில் நிற்பது எல்லாம் 'குருபக்தி' கணக்கில் சேரும். பெண் ஆய்வாளர்களிடம் வேறு கணக்குகளும் கேட்கப்படுகின்றன. கேட்டவர்களின் பெயர் துறைக்கே தெரியும். கையெழுத்து முடியும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்த பிறகு திறந்தால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று விசாரணைக் குழு கேட்கும்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது ஏனென்றால், இது இயற்பியல் துறையில் நடந்தால்கூட, பாவம், அவர்கள் அணுவைப் படித்தவர்கள், மனிதரைப் படிக்கவில்லை என்று விடலாம். இது நடப்பது கல்வியியல் துறையில். மாணவரை வெறும் பானையாக நினைத்து நிரப்பாதே என்று சொன்ன பாவ்லோ ஃபிரேயிரின் 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை' இவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அவருக்கு ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை எழுதிய ஆய்வாளர், அதைக் காட்டுவதற்காகக் கைடின் அறை வாசலில், மதியம் இரண்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். உட்கார நாற்காலி இல்லை. மதிப்பீடு கற்றலுக்காக இருக்க வேண்டும், தண்டனைக்காக அல்ல என்று தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்வி கேட்பவர்கள், ஆய்வாளருக்கு ஐந்து ஆண்டில் ஒரு முறைகூட ஏன் இது தவறு என்று உட்கார்ந்து விளக்கியதில்லை. எல்லா மதிப்பீட்டு முறைகளும் அவர்களுக்குத் தெரியும். வகைப்படுத்தி, அட்டவணைப்படுத்தி, வண்ணப் படவில்லையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஏன் இத்தனை பேர் இந்தப் பட்டத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்று கேட்டால், அறிவுத் தாகம் என்று சொல்லலாம்; முதல்வர் நாற்காலி என்றும் சொல்லலாம். பி.எட். கல்லூரிக்கு முதல்வராக முனைவர் பட்டம் வேண்டும் என்கிறது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதி. தனியார் பி.எட். கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்த மாநிலத்தில் முதல்வர்களுக்குப் பஞ்சம் வருவது இயல்பு. சில கல்லூரிகளுக்குத் தேவை முதல்வர்கூட இல்லை, முதல்வரின் சான்றிதழ் நகல். கல்லூரியைப் பார்வையிடும் குழு வரும் நாளில் மட்டும் தென்படும் பேராசிரியர்கள், அன்று காலையில் தங்கள் அறை எங்கே என்று பியூனிடம் விசாரித்துக்கொண்டு போவார்கள். இந்தச் சங்கிலியின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் பிள்ளைகள். நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார் என்று அரசின் சொந்தப் புள்ளிவிவரம் சொல்கிறது. அந்த ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்பை ஒரே கூரைக்குக் கீழ் எப்படிச் சமாளிக்கிறார் என்று யாராவது ஒருவர் போய் ஓர் ஆண்டு உட்கார்ந்து பார்த்து எழுதினால், ஆயிரம் மனப்பான்மை ஆய்வேடுகளை விலைக்குப் போட்டு அதை வாங்கலாம். சாம்பிள் போதாது என்பார்கள்.

2022 விதியில் இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். எந்தத் துறை ஆய்வாளராக இருந்தாலும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டுமாம். வேதியியல் ஆய்வாளரும் கற்பித்தல் கற்க வேண்டும். யாரிடம் அனுப்புவார்கள்? வளாகத்தில் கற்பித்தலுக்கென்றே ஒரு துறை இருக்கிறதே. வேதியியல் துறையில் இதுவரை தப்பித் தவறி யாராவது நன்றாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால், அதற்கும் இனி ஒரு டூல், ஒரு சாம்பிள், ஒரு சான்றிதழ்.

பொது வாய்மொழித் தேர்வன்று எல்லாம் சுபமாக முடியும். வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னலை முந்தின நாள் ரயிலடியில் வரவேற்பவர் ஆய்வாளர். அறை எடுப்பவர் ஆய்வாளர். சாப்பாட்டில் ஒரு வகை கூட வைக்கச் சொல்பவர் ஆய்வாளர். அவரைச் சோதிக்க வந்தவருக்கு அவரே மாப்பிள்ளை உபசாரம் செய்வார். பார்வையாளர் வரிசையில் ஜூனியர் ஆய்வாளர்கள். கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் துண்டுத் தாளில் காலையிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். பதிலும் அதே தாளின் பின்பக்கம்.

அழைப்பிதழில் அனைவரும் வருக என்று அச்சிடுகிறார்கள். வருவோம். ஆய்வுக்குத் தன் பள்ளியைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் வரட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து நாலு பேர் வரட்டும். அவையில் இருப்பவர்கள் கேட்கலாம் என்று தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லும் நேரத்தில் எழுந்து கேட்கட்டும்: எங்கள் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்ததை எங்கள் பள்ளிக்கு வந்து ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் பெயராவது இந்த மேடையில் யாருக்காவது தெரியுமா? கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். அவள் ஐந்து ஆண்டு பதில் சொல்லிக் களைத்துப் போயிருக்கிறாள். சூளைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வந்தவளை முந்நூறு தாள் நிரப்ப அனுப்பியவர்கள் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள்.